தப்பிய கணங்களின் பதிவேடு

மரத்தில் ஏறுவது கெத்தின்.
காகிதத்தில் ஏறுவது நான்.

பதினோரு வருடம் இப்படித்தான் போயிற்று:
யாருடைய கொல்லையிலோ சாய்ந்த பீச் மரம்,
கையில் ரொக்கம், ஒரு கோப்பைத் தேநீர்,
"அடுத்த வீட்டிலும் கேட்கிறார்கள்" என்ற வாய்ச்சொல்.
லெம்ஸ்டர் வட்டாரத்தில்
எங்கள் விளம்பரம் அவ்வளவே.

பிறகு ஆஷ் மரங்களுக்கு நோய் வந்தது.
சாலையோரம் முழுக்க உச்சி காய்ந்து நின்றன.
நானூறு மரங்களுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியது
மாவட்ட நிர்வாகம்.
முதல் பக்கத்திலேயே ஒரு கட்டம்:
அங்கீகாரம் பெற்ற நிறுவனமா?
'இல்லை'யைத் தொட்டேன்.
திரை நன்றி சொல்லிவிட்டுக்
கதவைச் சாத்திக்கொண்டது.

அன்றிரவே சமையலறை மேசையில் தொடங்கினேன்.
கயிறுகளுக்கு எண் இட்டேன்.
ஒவ்வொரு கொக்கிக்கும் பிறந்த தேதி தேடினேன்.
ஒரு கோடி பவுண்டுக்குக் காப்பீடு எடுத்தோம்;
பிரீமியம் கட்டியபின் வங்கியில்
இருநூற்றுப் பன்னிரண்டு பவுண்டு இருந்தது.

"எப்படி வெட்டுவாய், வரிசையாகச் சொல்" என்றேன்.
பல் மருத்துவர் முன் உட்கார்ந்தவன் போல் விழித்தான்.
"பார்ப்பேன். அப்புறம் வெட்டுவேன்."
அந்தப் 'பார்ப்பேன்'
பதினான்கு பக்கம் வந்தது:
காற்று, வேர், பூஞ்சை, மின்கம்பி,
வௌவால் அடையும் பொந்து,
குழந்தைகள் பள்ளி விடும் நேரம்.
இத்தனையும் அவன் கண்ணில் இருந்ததா
என்று ஆறாம் பக்கத்தில் பேனாவை வைத்துவிட்டு
அவனைக் கொஞ்சம் பார்த்தேன்.
தூங்கிப்போயிருந்தான்.

தணிக்கைக்கு வந்தவர் திருமதி பெட்டிகிரூ.
பழைய அங்கிக்குள் மணல் திணித்த பொம்மையை
ஓக் மரத்தில் தொங்கவிட்டு
"இவர் மயங்கிவிட்டார்" என்றார்.
இட்ரிஸ் ஏறி இறக்கினான்.
ஏழு நிமிடம் நாற்பது நொடி.
பொம்மைக்கு ஒரு கால் பிய்ந்தது;
அதை அவர் குறித்துக்கொள்ளவில்லை.

பிறகு மேசைக்கு வந்தார்.
மயிரிழையில் தப்பிய சம்பவங்களின் பதிவேட்டைக் கேட்டார்.
புத்தம் புதியதை, நிமிர்ந்துதான், நீட்டினேன்.
ஒரு வரி இல்லை.
புரட்டினார். மறுபடி புரட்டினார்.
"பதினோரு வருடம்.
மரங்களுக்கு உங்களிடம் அவ்வளவு மரியாதையா?"

குளிர்சாதனப் பெட்டி முனகுவது கேட்டது.

பேசியது இட்ரிஸ்தான்,
நாளைக்கு மூன்று சொல் பேசுகிறவன்.
"சேப்பல் பின்னால் இருந்த பாப்லர்" என்றான்.
கெத்தின் பூட்ஸைப் பார்த்தான்.
"சொல்லாதே."
"கயிறு பாதி அறுந்திருந்தது" என்றான் இட்ரிஸ்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது, பிப்ரவரி, வியாழன்.
தேதி எனக்குத் தெரியும்.
அன்று வீட்டுக்கு வந்து
உருளைக்கிழங்கு இன்னும் கொஞ்சம் போடு என்றான்.
போட்டேன்.
இவ்வளவு பசியா என்று சிரித்தேன்.

எழுதினேன்.
கிளையின் எடை, கயிற்றின் எண் (அப்போது எண் இல்லை),
என்ன செய்திருக்க வேண்டும்.
அதன்பின் ஒன்று. அதற்கும் முன் ஒன்று.
திருமதி பெட்டிகிரூ அவசரப்படவில்லை.
ஒன்பதாவதில் என் கையெழுத்து
எனக்கே தெரியாத யாருடையதோ போல் இருந்தது.

இரண்டு திருத்தங்களோடு சான்று வந்தது.
அதற்குள் நானூறு ஆஷ் மரங்களும்
பெரிய நிறுவனம் ஒன்றுக்குப் போய்விட்டன.
எங்களுக்குக் கிடைத்தது
மருத்துவமனை வாகன நிறுத்தத்தில் மூன்று சிக்கமோர்;
பணம் அறுபது நாள் கழித்து வரும்,
ரசீதில் எண் தப்பினால் வராது.
வேனின் பக்கவாட்டில் முத்திரை ஒட்டியிருக்கிறோம்,
லேசாகக் கோணல்.

வெள்ளி தோறும் சம்பளம் எண்ணுமுன்
பதிவேட்டைத் திறக்கிறேன்.
"இந்த வாரம்?"
சில வாரம் ஏதாவது சொல்கிறான்.
சில வாரம் "ஒன்றுமில்லை."
அதையும் எழுதிக்கொள்கிறேன்,
எத்தனை உருளைக்கிழங்கு சாப்பிட்டான் என்று
எண்ணிவிட்டு.